ரப்பர் ஷெட்டை விட்டு நகராதே

கேள்வி: அக்கா, நான் குலசேகரம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருஷமாக வேலை. முதலில் ஆல்பம் டிசைன், இப்போது கல்யாணங்களுக்கு இரண்டாவது கேமரா. கல்யாணத்தைத் தவிர வேறொன்றும் எடுக்கத் தெரியாது என்பதுதான் கவலை. தெருப்படம், போர்ட்ரெய்ட், சாப்பாடு, பறவை, ஃபிலிம் எல்லாவற்றையும் பழக ஆசை, ஆனால் எதைத் தொடங்கினாலும் ஒரு மாசத்தில் விட்டுவிடுகிறேன். "எதையாவது ஒன்றைப் பிடி, அப்பத்தான் உனக்குன்னு ஒரு ஸ்டைல் வரும்" என்கிறார் எங்கள் சீனியர். என்னிடம் கேனான் கிராப் பாடி (சின்ன சென்சார் கேமரா), 18-55 லென்ஸ், 50 எஃப் 1.8 லென்ஸ் இருக்கிறது. மாமா கல்ஃபில் இருந்து கொண்டுவந்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா ஒன்றும் அலமாரியில் கிடக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். புது லென்ஸ் வாங்கவா, வேலையை விட்டுவிட்டு ஏதாவது கோர்ஸில் சேரவா? அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கிற ஷெட் இருக்கிறது, அதைத் தவிர எங்கள் ஊரில் படம் எடுக்க ஒன்றும் இல்லை.

பதில்: மக்ளே, லென்ஸ், கோர்ஸ் எல்லாவற்றுக்கும் அப்புறம் வருகிறேன், முதலில் அந்தக் கடைசி வரி. வீட்டுக்குப் பின்னால் ஷீட் அடிக்கிற ஷெட் இருக்கிறது, ஆனால் எடுக்க ஒன்றும் இல்லை! வெளியூரில் இருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ரப்பர் மரத்தில் ஒரு பால்வெட்டைப் பார்க்க யார் யாரிடமோ சிபாரிசு கேட்டு அலைகிறார்கள், உனக்கு அது அடுக்களைக் கதவைத் திறந்தால் இருக்கிறது. உன் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அந்த ஷெட்டுக்குள்தான்.

நீ ஒரு மாசத்தில் விட்டுவிடுவதற்கு மனவுறுதி இல்லாதது காரணம் என்று நான் நினைக்கவில்லை. தெருப்படம் பழக நாகர்கோவில் வடசேரிக்குப் போகிறாய், அங்கே ஆட்களும் தெரியாது, முறையும் தெரியாது. பறவை எடுக்கத் தேரூர் குளத்துக்குப் போகிறாய், பறவையும் தெரியாது, அதை எடுக்கும் முறையும் தெரியாது. எடுக்கப்படுகிற விஷயம், எடுக்கிற முறை இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் படம் ஏன் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை அசையாமல் பிடித்துக்கொள். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இடம், அதில் வந்துபோகிற நாலு ஆட்கள், அவ்வளவு போதும். முறையை மட்டும் மாற்றிக்கொண்டே வா, கேமராவை மாற்று, வெளிச்சத்தை மாற்று, கடைசியில் காகிதத்தைக்கூட மாற்று. ரப்பர் எப்போது வெட்டுவார்கள், பால் எப்போது உறையும், அப்பா எப்போது கோபப்படுவார் என்பதெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், உன் கவனம் முழுவதும் படத்துக்கே கிடைக்கும்.

கல்யாணத்தைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையில் பெண் அலங்கார அறையில் ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு நீ எடுப்பது போர்ட்ரெய்ட். தட்டில் தாலியையும் மோதிரத்தையும் வைத்து எடுப்பதைத்தான் விளம்பரக்காரர்கள் பிராடக்ட் ஷூட் என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். கிறிஸ்தவக் கோயில் பீடத்தில் இருந்து வாசல் வரைக்கும் வரிசையாகப் பெஞ்சு தெரிய எடுக்கிறாயே, அது கட்டடப் படம். பந்தியில் பாயசம் விழுகிற நேரம் சாப்பாடும் தெருவும் கலந்தது. எல்லாவற்றையும் தொட்டிருக்கிறாய், ஆனால் "அடுத்து வா, அடுத்து வா" என்று வீடியோக்காரர் விரட்டுகிற வேகத்தில் தொட்டிருக்கிறாய், எதிலும் நின்று பார்க்க நேரம் கிடைத்ததில்லை. குறை அங்கேதான்.

சரி, ஷெட்டுக்கு வருவோம். பால்வெட்டு விடிவதற்கு முன்னால் என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுக்காரர் தலையில் கட்டியிருக்கிற லைட்தான் அந்த நேரத்தில் இருக்கும் ஒரே வெளிச்சம். அது பட்டையில் விழுகிறது, கத்தியில் விழுகிறது, முகத்தில் விழுவதில்லை. கேமராவை ஆட்டோவில் விட்டால் சுற்றிலும் இருக்கும் கறுப்பைப் பார்த்து அது பயந்துவிடும், எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், வெட்டின கோட்டில் ஓடுகிற பால் வெள்ளைத் திட்டாகப் பொசுங்கிப்போகும். கல்யாணத்தில் வெள்ளைப் பட்டுச் சேலையும் தலையில் வெள்ளை நெட்டும் போட்டு நிற்கிற பெண்ணை எடுக்கும்போது நேர் எதிராக நடக்கும், வெள்ளை அதிகம் என்று கேமரா படத்தை இருட்டாக்கும், நீ ஒரு ஸ்டாப் கூட்டுவாய், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவாய். அங்கே கை தானாகக் கூட்டுகிறது, ஏன் என்று யோசித்திருக்க மாட்டாய். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்குத் தெரிவது சராசரி ஒன்றுதான், எது வெள்ளை எது கறுப்பு என்று முடிவு செய்ய வேண்டியது நீ. இந்த ஒரு விஷயத்தை அந்த இருட்டில் படித்துக்கொண்டால் எந்த ஸ்டைலுக்குப் போனாலும் கூடவே வரும்.

அதனால் கேமராவை மேனுவலில் வை. 50 எம்.எம்., லென்ஸ் துளை எஃப் 2, ஷட்டர் நூறில் ஒரு செகண்ட், வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓ 6400 என்று தொடங்கு, பாலின் வெள்ளை பொசுங்காத வரைக்கும் ஏற்றி இறக்கு, முகம் கறுத்துப் போனால் போகட்டும். உன் கேமராவில் 50 எம்.எம். என்பது 80 மாதிரி வேலை செய்யும், அந்த லென்ஸில் ஸ்டெபிலைசரும் கிடையாது, அதனால் நூறுக்குக் கீழே இறங்கினால் கை ஆட்டம் தெரியும். புள்ளி புள்ளியாகக் கிரெயின் வருமே என்று கவலைப்படாதே, படம் நன்றாக இருந்தால் யாரும் கிரெயினை எண்ணிக்கொண்டு நிற்க மாட்டார்கள். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கிற ரா ஃபைலில் எடு. ஃபிளாஷ் வேண்டாம், வெட்டுகிறவர் கையில் கத்தி இருக்கிறது. தனியாகவும் போகாதே, அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போ, காலில் பூட்ஸ் போட்டுக்கொள், மழைக்காலத்தில் அட்டை ஏறும். முதல் சில நாட்கள் கேமராவை வெளியே எடுக்காமல் கூட நடந்து பார்த்தாலே போதும், எந்த மரத்தில் திரும்புவார், பால் பிடிக்கிற சிரட்டையை எப்போது நிமிர்த்துவார் என்கிற வரிசை கண்ணுக்குப் பழகிவிடும், அதற்கப்புறம் நீ அவருக்கு ஒரு அடி முன்னால் போய் நிற்பாய். பறவை எடுக்கிறவர்களும் விளையாட்டை எடுக்கிறவர்களும் வருஷக்கணக்கில் பழகுவது இந்த முன்கூட்டி நிற்பதைத்தான்.

போர்ட்ரெய்ட்டுக்கு ஷெட் வாசல் போதும். வெயில் நேரே உள்ளே விழாத நேரமாகப் பார்த்து ஆளை வாசலில் இருந்து ஒரு எட்டு உள்ளே நிறுத்து, பக்கவாட்டில் வெளிச்சம் வரும், பின்னால் ஷெட்டின் இருட்டு தானாக இறங்கிவிடும். இன்னும் நாலு எட்டு உள்ளே தள்ளி அதே ஆளை எடுத்துப் பார், வெளிச்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, முகத்தின் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் எப்படி மாறுகிறது என்று புரியும். ஷீட் அடிக்கிற ரோலரைச் சுற்றி நிற்கும்போது மேலே டியூப் லைட் எரிந்தால் ஷட்டரை ஐம்பதிலோ நூறிலோ வை, நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதைவிட வேகமாக வைத்தால் படத்தில் பட்டைப் பட்டையாக விழும். மேடையில் எல்.ஈ.டி லைட்டுக்குக் கீழே உனக்கு ஏற்கெனவே விழுந்திருக்கும்.

ஆளை எடுக்கும்போது ஒன்று. அவர்கள் உன் அப்பாவிடம் கூலி வாங்குகிறவர்கள், முதலாளி மகள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனால் நீ கேட்கிற விதத்தில் வேண்டாம் என்று சொல்ல இடம் வை, அப்பா இல்லாத நேரத்தில் கேள், வேண்டாம் என்றால் விட்டுவிடு. எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடு. வாட்ஸாப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்காதே, போதாது. எங்கேயாவது வெளியிடப் போகிறாய் என்றால் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

சாப்பாட்டுப் படம் பழக வேண்டும் என்றாயே, அதையும் இங்கேயே பழகலாம். சிரிக்காதே. டிஷ்ஷில் உறைந்த பால் ரோலரில் நசுங்கி வெள்ளை ஷீட்டாக வருகிறது, கொடியில் காயக் காய வெள்ளை போய் மஞ்சளாகிறது, புகை போட்ட பிறகு தேன் நிறம், அதற்கும் மேலே பழுப்பு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊடுருவித் தெரியும். சூரியன் ஷீட்டுக்குப் பின்னால் வரும்படி நின்று, ஷீட்டின் மீதே அளந்து எடு. நிறத்தைச் சமன் செய்கிற ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் பூட்டிவிடு, ஆட்டோவில் விட்டால் இந்த நிற மாற்றத்தைத் தப்பு என்று நினைத்துக் கேமரா சரி செய்துவிடும், நீ காட்ட வந்ததே அதுதான். பின்னால் இருந்து வருகிற வெளிச்சத்தில் வழவழப்பும் ஈரமும் ஊடுருவலும் எப்படித் தெரிகின்றன என்று கை பழகிவிட்டால், மீன் குழம்பையும் அடைப் பிரதமனையும் மார்த்தாண்டம் தேன் பாட்டிலையும் அதே மாதிரி பின்வெளிச்சம் வைத்து, முன்னால் ஒரு வெள்ளை அட்டையை ரிஃப்ளெக்டராகப் பிடித்து எடுத்துவிடலாம். கிட்டத்தில் போக மேக்ரோ லென்ஸ் வேண்டாம், 50 லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் டியூப் ஒரு செட் வாங்கு, ஆனால் மின் தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்கு, வெறும் வளையமாக வருகிற மலிவுச் சரக்கில் உன் லென்ஸின் துளையை மாற்ற முடியாது. பட்டையில் இருந்து சொட்டப்போகும் ஒரு துளியை எஃப் 11-ல் எடுக்கப் பார்த்தாலே வெளிச்சம் எவ்வளவு தேவை என்று தெரிந்துவிடும்.

தெருப்படத்துக்கு மட்டும் ஷெட்டை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்கும் தெரிந்த நூலைப் பிடித்துக்கொண்டே போ. ஷீட்டையும், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ஒட்டுப்பாலையும் எடைக்குப் போடுகிற கடை, அங்கே விலை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள், பக்கத்து டீக்கடை, எல்லாரும் உன் அப்பாவைத் தெரிந்தவர்கள், ஒரு பெண் கேமராவோடு நிற்கிறாளே என்கிற பார்வை அங்கே சீக்கிரம் அடங்கிவிடும். அது பழகின பிறகு திங்கள்சந்தைக்கோ, தோவாளைப் பூச்சந்தைக்கோ, குளச்சலில் மீன் ஏலத்துக்கோ போகலாம். போனை எடுத்துக்கொண்டு போனால்கூடப் போதும், போனின் அகலமான லென்ஸ் உன்னைக் கிட்டே போகச் சொல்லும், தூரத்தில் ஒளிந்து நின்று ஜூம் பண்ணுகிற பழக்கம் வராமல் இருக்க அது நல்லது. குளச்சல் மாதிரி கடலோரத்தில் வேலை முடிந்ததும் கேமராவை ஈரத் துணியால் துடைத்துவிடு, உப்புக்காற்று பொல்லாதது.

இன்னொரு இடம் சொல்கிறேன், இதைச் சொன்னால் ஸ்டுடியோவில் சிரிப்பார்கள். கன்னியாகுமரி கடற்கரையில் சாம்பிள் ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றுலா வந்த குடும்பத்தை நிறுத்தி எடுத்து, உடனே பிரிண்ட் போட்டுக் கொடுக்கிற போட்டோக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பக்கத்தில் நின்று கவனி. மொழி தெரியாத எட்டுப் பேரை ஒரு நிமிஷத்தில் வரிசைப்படுத்துகிறார்கள், அழுகிற குழந்தையைச் சிரிக்க வைக்கிறார்கள், பின்னால் 133 அடி வள்ளுவர் சிலை யார் தலையிலும் முளைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், காலைச் சூரியன் எதிரே கண்ணைக் குத்துகிறபோது முகத்துக்கு ஃபிளாஷ் போடுகிறார்கள். எதிர்வெயிலில் ஃபிளாஷ் போடுவது பாடமாகச் சொன்னால் குழப்பமாக இருக்கும், செய்வது எளிது: ஷட்டரை இருநூறில் பூட்டு, வானத்துக்குச் சரியாக எஃப் வை, முகத்துக்கு ஃபிளாஷைக் கூட்டிக் குறை, அவ்வளவுதான். விளம்பரத்துக்கு மாடல்களை எடுக்கிறவர்கள் கடற்கரையில் செய்வதும் இதேதான், கட்டணம்தான் வேறு.

பறவையை இப்போதைக்கு விட்டுவிடு. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம், மணக்குடிக் காயலும் பக்கத்தில் உண்டு, நம் மாவட்டத்தில் பறவைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் 55 எம்.எம்.-ஐ வைத்துக்கொண்டு நாரையைத் துரத்தினால் உனக்கும் சந்தோஷம் இருக்காது நாரைக்கும் இருக்காது. நீளமான லென்ஸ் உள்ள யாராவது நண்பர் போகும்போது கூடப் போய்ப் பார்த்துவிட்டு வா.

அந்த பென்டாக்ஸ் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கே1000 என்பது 1976 முதல் 1997 வரைக்கும் வந்த மாடல், முழுக்க இயந்திரம், பேட்டரி இல்லாமலே ஷட்டர் வேலை செய்யும், பேட்டரி வேண்டியது உள்ளே இருக்கும் மீட்டர் முள்ளுக்கு மட்டும், எல்.ஆர்.44 பட்டன் செல் போட்டால் போதும். அந்த மீட்டருக்கு அணைக்கிற சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் செல் சீக்கிரம் தீராது. ஃபிலிம் வாங்குவதற்கு முன்னால் பின்கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கிற ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார், இத்தனை வருஷத்தில் பிசினாகியிருக்கும், மாற்றாவிட்டால் வெளிச்சம் கசியும். லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா பார். வருஷத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, அலமாரியில் துணிக்கு நடுவே வைத்த லென்ஸ் தப்பிப்பது அபூர்வம். உன் கேனானையும் சேர்த்து, எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிற பழக்கத்தை இந்த வாரமே தொடங்கு.

கறுப்பு வெள்ளையில், ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் வாங்கு, இல்ஃபோர்டு ஹெச்.பி.5 போல. முப்பத்தாறு படம்தான், விலையும் அதிகம், அழுத்துவதற்கு முன் யோசிப்பாய். எல்லாரும் ஃபிலிமுக்குச் சொல்லுகிற பெருமை இதுதான், ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. டிஜிட்டலில் வெள்ளை பொசுங்கினால் போச்சு, நிழலைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம். நெகட்டிவ் ஃபிலிமில் தலைகீழ், நிழலுக்கு வெளிச்சம் போதாவிட்டால் அங்கே ஒன்றுமே பதியாது, வெள்ளை கொஞ்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். அதாவது அதே ஷெட் வாசலில், அதே ஆளை, கேனானில் எடுக்கும்போது வெளிச்சத்தைப் பார்த்து அளக்கிறாய், பென்டாக்ஸில் எடுக்கும்போது இருட்டைப் பார்த்து அளக்கிறாய். இரண்டையும் ஒரே நாளில் செய்து பார், அளப்பது என்றால் என்ன என்று அதற்கப்புறம் யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது. மீட்டர் முள் செத்துப்போயிருந்தாலும் பாதகமில்லை, உச்சி வெயிலில் எஃப் 16, ஐந்நூறில் ஒரு செகண்ட், நிழலுக்கு வந்தால் மூன்று நாலு ஸ்டாப் திற, ரப்பர் மரத்தடியில் இன்னும் கொஞ்சம்.

ஃபிலிம் கழுவுவதை வீட்டிலேயே செய்யலாம், ஒரு டாங்க், கையை மட்டும் நுழைக்கிற இருட்டுப் பையான ஒரு சேஞ்சிங் பேக், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அதை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர், இவ்வளவுதான், தனி இருட்டறை வேண்டாம். ஒரே சிக்கல் தண்ணீர். டெவலப்பர் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரிக்கு, ஐ.டி.11 என்கிற டெவலப்பரில் ஹெச்.பி.5 என்றால் ஏழரை நிமிஷம். நம் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு, சூடு கூடக் கூட நேரம் சுருங்கும், ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாகிவிடும். அதனால் ஒரு பேசினில் ஐஸ் போட்டு மருந்துப் பாட்டிலை அதில் நிறுத்தி, தெர்மாமீட்டர் 20-ஐக் காட்டின பிறகு தொடங்கு.

அதற்கடுத்து சயனோடைப், வெயிலில் நீலமாகப் பதிகிற படம். கேமராவே வேண்டாம். ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்தது, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் கடல் பாசிகளை அதில் பதிக்கத் தொடங்கிவிட்டார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் நூறு மில்லி தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் வேறொரு நூறு மில்லியில், இரண்டையும் சரிக்குச் சரி கலந்து கெட்டியான காகிதத்தில் மங்கலான வெளிச்சத்தில் பூசிக் காயவை. மேலே ஒரு ரப்பர் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் சில நிமிஷம் வைத்துத் தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளை இலை. பிறகு உன் ஷெட் படத்தையே டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் நெகட்டிவாக பிரிண்ட் எடுத்து வைத்தால் அதுவும் வரும். வெயிலுக்குக் காசு கேட்காத ஊரில் இருக்கிறாய். ஒரு எச்சரிக்கை, இதை ஷெட்டில் வைத்துச் செய்யவே செய்யாதே. பால் உறைய வைக்க அங்கே ஆசிட் கேன் இருக்கும், ஃபெரிசயனைடும் ஆசிடும் சேரக் கூடாது, விஷவாயு வரலாம். மொட்டைமாடியில் செய், கையுறை போடு, அடுக்களைப் பாத்திரத்தைத் தொடாதே.

வீடியோவைப் பற்றி ஸ்டுடியோவிலேயே உனக்குச் சொல்ல ஆள் இருப்பதால் ஒன்றே ஒன்று: ரோலர் சுற்றுகிற சத்தத்தை நல்லபடியாகப் பதிவு செய், படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் சீனியர் சொன்ன ஸ்டைல். அவர் சொல்வதில் பாதி சரி, ஒன்றைப் பிடித்துக்கொள் என்பது சரி. ஆனால் பிடிக்க வேண்டியது கேண்டிட், ஸ்ட்ரீட் என்கிற பெயர்ப்பலகையை என்று அவர் நினைக்கிறார். மதுரைக்காரர் எம். பழனிகுமாரின் படங்களைத் தேடிப் பார், மீன் விற்ற தன் அம்மாவைத் தொடர்ந்து எடுத்தவர், துப்புரவுத் தொழிலாளர்களை வருஷக்கணக்காக எடுத்தவர், புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரில், கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு செய்கிற பாரி அமைப்பு கொடுக்கும் ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதலில் கிடைத்தது அவருக்குத்தான். யாரைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று அந்தப் படங்களைப் பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது, எந்த லென்ஸ் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அந்த தயானிதா சிங்கையே எடுத்துக்கொள், படத்தைச் சுவரில் மாட்டுவதோடு நிறுத்தாமல் புத்தகமாகவும், அடுக்கி மாற்றி மாற்றி வைக்கக்கூடிய மரச்சட்டங்களாகவும் ஆக்கினவர், 2022-ல் ஹாசல்பிளாட் என்கிற சர்வதேசப் புகைப்பட விருது வாங்கினார். எடுப்பதற்குச் சமமாக அடுக்குவதும் வேலை என்று அவரிடம் தெரிகிறது. ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்த உனக்கு இதில் பாதிப் பயிற்சி ஆகிவிட்டது, நீ அதை ஏதோ குமாஸ்தா வேலை மாதிரி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறாய்!

அதனால் மாசம் ஒரு தடவை, ஷெட்டில் எடுத்ததில் பிடித்ததைச் சின்ன பிரிண்டாகப் போட்டுத் தரையில் பரப்பு. ஆல்பம் பிரிண்ட் போடுகிற இடத்தில் சொன்னால் மலிவாகவே போட்டுத் தருவார்கள். எது பக்கத்தில் எது உட்காருகிறது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார், ஸ்டுடியோவில் செய்கிற மாதிரியே, ஆனால் வாடிக்கையாளர் இல்லாமல். எந்த மாதிரிப் படத்தை நீ திரும்பத் திரும்ப வைத்துக்கொள்கிறாய், எதைத் தயங்காமல் தூக்கிப் போடுகிறாய் என்பது சில மாசத்தில் உனக்கே தெரிய வரும். ஸ்டைலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பணம். புது லென்ஸ் வாங்காதே. பாடிக்கு வெளியே வைத்து எரிக்கிற ஒரு ஃபிளாஷ், அதற்கு ட்ரிகர், ஒரு வெள்ளைக் குடை, ஸ்டாண்டு, நான் சொன்ன எக்ஸ்டென்ஷன் டியூப், எல்லாம் சேர்த்துப் பாதிப் பணத்தில் முடிந்துவிடும். மீதியில் ஒரு ஹார்ட் டிஸ்க், கொஞ்சம் ஃபிலிம், பிரிண்ட் செலவு. 85 லென்ஸுக்கோ 70-200 லென்ஸுக்கோ ஆசை வந்தால் ஸ்டுடியோவில் கல்யாணம் இல்லாத நாளில் கேட்டு வாங்கிப் போ, பெரும்பாலான முதலாளிகள் கொடுப்பார்கள், உடைந்தால் யார் பொறுப்பு என்று மட்டும் முதலிலேயே பேசிக்கொள்.

வேலையை விடாதே. நேரம் இல்லை என்று நீ எழுதவில்லை, ஆனாலும் கேலண்டரைச் சொல்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது, தவக்காலத்தில் கோயில் கல்யாணம் குறைவு, இந்த மூன்று இடைவெளியும் உனக்குச் சும்மா கிடைக்கிறவை. ஆடியில் சாரலும் மேகமுமாக இருக்கும், வெளிச்சம் மெத்தென்று விழும், போர்ட்ரெய்ட்டுக்கு அதைவிட நல்ல மாசம் கிடையாது. மார்கழி முடிகிற சமயம் ரப்பர் இலை பழுத்து உதிரத் தொடங்கும், தோட்டம் முழுக்கச் செம்பு நிறம், வரிசை வரிசையாக மரங்கள், லேண்ட்ஸ்கேப் பழகு. இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற வாரங்களில் ஷெட் காலியாக இருக்கும், ரோலரில் தூசி படிந்திருக்கும், ஆள் இல்லாத அந்த ஷெட்டையும் எடுத்து வை, அடுக்கும்போது அதுதான் தேவைப்படும். தவக்காலம் நல்ல வெயில், சயனோடைப்புக்கு வைத்துக்கொள்.

கோர்ஸ் என்று ஊர் ஊராக நடக்கிற இரண்டு நாள் வொர்க்ஷாப்புகளுக்குப் பணம் கட்டாதே, மாடலை அவர்களே நிறுத்தி, லைட்டை அவர்களே வைத்து, நீ பட்டனை மட்டும் அழுத்திவிட்டு வருவாய். நிஜமாகப் படிக்க வேண்டும் என்றால் குஜராத்தின் காந்திநகரில், என்.ஐ.டி. என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் புகைப்படத்துக்கென்று முதுநிலைப் படிப்பு இருக்கிறது, டிகிரி முடித்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வு உண்டு, நீ டிகிரி முடித்தாயா என்று எழுதவில்லை. சினிமா ஒளிப்பதிவுப் பக்கம் மனசு போனால் சென்னை தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி. எங்கே விண்ணப்பம் போட்டாலும் உன் படங்களைக் கேட்பார்கள், அந்த நேரத்தில் கல்யாண ஆல்பத்தை நீட்டாமல் இந்த ஷெட் படங்களில் இருபதை நீட்டு. ஒரு வருஷம் கழித்து அந்த இருபதையும் எனக்கு அனுப்பு, பிரிண்டாகத்தான், லிங்காக அனுப்பினால் திறக்க மாட்டேன்.